மார்க்கெட்டிங் பிஎச்.டி.க்கு விண்ணப்பிப்பது எப்படி: இரண்டு தடவை போட்டவன் எழுதுவது

முதல் வருடம் 9 பல்கலைக்கழகங்களுக்குப் போட்டேன். ஒன்பதிலும் இல்லை என்று வந்தது. நேர்காணலுக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் 11 போட்டேன். 3 இடத்தில் ஜூமில் பேசினார்கள், ஒன்றில் சீட் கிடைத்தது. நடுவில் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வை மறுபடி எழுதவில்லை, கல்லூரி மதிப்பெண்ணும் ஏறிவிடவில்லை. மாறியது இரண்டு பக்க எஸ்.ஓ.பி. மட்டும்தான், அதாவது ஏன் படிக்க வருகிறேன், எதை ஆராயப் போகிறேன் என்று நாமே எழுதும் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸ். அதனால் அதைப் பற்றி அதிகம் எழுதுகிறேன், மற்றதை வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

இங்கே சொல்வது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றி. ஐ.ஐ.எம்.கள் பற்றிக் கடைசியில் ஒரு பத்தி இருக்கிறது.

முதலில் சில சந்தேகங்கள்

"எத்தனை லட்சம் லோன் போடணும்?" என்றுதான் எங்கள் சித்தப்பா முதலில் கேட்டார். லோன் தேவையில்லை. பெரிய பிசினஸ் ஸ்கூல்களின் முழுநேர பிஎச்.டி.யில் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருவார்கள். பதிலுக்கு நீங்கள் ஆராய்ச்சி உதவியாளராகவோ வகுப்பெடுப்பவராகவோ வேலை செய்ய வேண்டும். 4, 5 வருடம் ஆகும். இப்படிப் பணம் கொடுத்து எடுப்பதால்தான் ஒரு துறையில் வருடத்துக்கு இரண்டு, மூன்று பேருக்கு மேல் எடுப்பது அபூர்வம்.

எம்.பி.ஏ. கட்டாயமில்லை. பொருளாதாரம், உளவியல், புள்ளியியல், பி.டெக். படித்தவர்களும் சேருகிறார்கள். கன்சல்டன்சிக்காரர்கள் "டி.பி.ஏ.வும் (டாக்டர் ஆஃப் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன்) அதேதான் சார், வேலையை விடாமலே படிக்கலாம்" என்பார்கள். அது வேறு படிப்பு, அதற்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். பேராசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

படி 1: மூன்றில் எந்த அறை?

மார்க்கெட்டிங் என்று வெளியே ஒரே பெயர்ப்பலகைதான் தொங்கும், உள்ளே மூன்று அறைகள் இருக்கும். ஒன்று கன்ஸ்யூமர் பிஹேவியர், சுருக்கமாக சி.பி. உளவியல் சோதனைகள் நடத்தி மனிதர் ஏன் இப்படி வாங்குகிறார் என்று பார்ப்பவர்கள். இரண்டாவது குவாண்ட். விற்பனைத் தரவையும் பொருளாதார மாடல்களையும் வைத்துக்கொண்டு உட்காருபவர்கள். மூன்றாவது ஸ்ட்ராடஜி. நிறுவனம், டீலர், விற்பனைப்படை இவற்றைப் பார்ப்பவர்கள். பல இடங்களில் விண்ணப்பப் படிவத்திலேயே எது என்று கேட்டுவிடுவார்கள். "எல்லாம் பிடிக்கும்" என்ற பதில் எடுபடாது.

படி 2: கேள்வி

நான் விழுந்த இடம் இதுதான்.

எம்.பி.ஏ. முடித்து இரண்டு வருடம் சோப்பு, ஷாம்பு மாதிரி அன்றாடச் சாமான் விற்கும் ஒரு எஃப்.எம்.சி.ஜி. கம்பெனியில் சேல்ஸ் ஆபீசராக இருந்தேன். உசிலம்பட்டி லைனில் ஒரு பெட்டிக்கடை. வாசலில் ஷாம்பு சரம் தொங்கும், உள்ளே அதே பிராண்டின் பாட்டில் தூசி படிந்து நிற்கும். ஒரு அம்மா தினமும் வந்து நாலு பாக்கெட் கிழித்து வாங்கிப் போவார். ஒருநாள் சும்மா இருந்த நேரத்தில் மில்லிக்கு எவ்வளவு என்று செல்போனில் வகுத்துப் பார்த்தேன். பாட்டில்தான் விலை கூட! மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற ஊர்க்கணக்கு இங்கே தலைகீழாக நின்றது. சாஷே, அதாவது பாக்கெட் ஷாம்பு ஒருவகையில் நம் கடலூர்ச் சமாச்சாரம். சின்னி கிருஷ்ணன் தொடங்கி வைத்தது, அவர் மகன் சி.கே. ரங்கநாதனின் சிக் ஷாம்பு அதைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனது. அதைப் பார்த்தே வளர்ந்தவன், அதிலேயே ஒரு கேள்வி இருப்பதைக் கவனிக்கவில்லை.

முதல் வருட எஸ்.ஓ.பி.யில் இந்தக் கடை வரவே இல்லை. "சிறு வயதிலிருந்தே விளம்பரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஆரம்பித்து, பாடநூலிலிருந்து ஒரு மேற்கோள் போட்டு, டார்கெட்டை எத்தனை சதவீதம் தாண்டினேன் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தேன். ஒன்பதும் போன பிறகு, பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த நண்பனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பிராண்ட் மேனேஜர் வேலைக்குப் போட்ட மாதிரி இருக்கு. கேள்வி எங்கடா?" என்றான்.

விண்ணப்பத்தைப் படிக்கும் பேராசிரியர்கள் தேடுவது ஆராய்ச்சி பழக வருகிற ஆளை. மார்க்கெட்டிங்கில் கெட்டிக்காரனா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

சரி, கடைக்கு வருவோம். அதே ஷாம்பு பாக்கெட் மூன்று அறையிலும் மூன்று கேள்வியாக மாறும். சி.பி.க்காரர், "பாட்டில் வீட்டில் இருந்தால் பிள்ளைகள் ஊற்றித் தீர்த்துவிடும் என்று பயந்து, செலவைக் கட்டுப்படுத்தத்தான் சின்னதாக வாங்குகிறார்களா?" என்று கேட்பார். பாதிப் பேருக்குப் பாட்டிலும் பாதிப் பேருக்கு அதே அளவு பாக்கெட்டுகளும் கொடுத்து, எவ்வளவு தீர்கிறது என்று அளப்பார். குவாண்ட்காரர், "பாட்டில் விலையை இறக்கினால் எத்தனை பேர் மாறுவார்கள், கம்பெனி தெரிந்தேதான் இரண்டு கூட்டத்துக்கு இரண்டு விலை வைத்திருக்கிறதா?" என்று விற்பனைத் தரவைத் தேடுவார். ஸ்ட்ராடஜிக்காரர் கடைக்காரரின் மார்ஜினையும் கடனையும் பார்ப்பார்: சரம் ஏன் வாசலில் தொங்குகிறது, பாட்டில் ஏன் உள்ளே போனது?

உங்களிடம் இருக்கும் ஒரு விஷயத்தை எடுத்து இப்படி மூன்றாக எழுதிப் பாருங்கள். எதை எழுதும்போது பேனா நிற்காமல் ஓடுகிறதோ அதுதான் உங்கள் அறை. எனக்கு முதலாவது. குவாண்ட் பக்கம் போகிறவர்கள் கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு படித்ததற்கு மார்க் ஷீட்டில் சாட்சி வைத்திருக்க வேண்டும்.

படி 3: யாரிடம் போவது

ரேங்கிங் பட்டியலைப் பார்த்துக் கல்லூரி தேடாதீர்கள். ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங், ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங் ரிசர்ச், ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச், மார்க்கெட்டிங் சயின்ஸ். இந்த நாலில் கடந்த ஐந்து வருடத்தில் உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று கூகுள் ஸ்காலரில் பாருங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் வளாகம் நடத்தும் ஒரு தரவுத்தளத்தில் எந்தப் பல்கலைக்கழகம் எந்த ஜர்னலில் எத்தனை கட்டுரை என்று இலவசமாகவே தேடலாம். ஒரு துறையில் குறைந்தது இரண்டு பேராவது உங்களுக்குப் பொருந்த வேண்டும். ஒருவரை மட்டும் நம்பிப் போனால், அவர் வேறு ஊருக்கு மாறினதும் நீங்கள் அநாதை.

கட்டுரைகளைச் சேர்த்து வைக்க ஜோடெரோ என்ற மென்பொருள் போதும், அதே வேலை செய்யும் மெண்டலே எனக்கு ஒத்துவரவில்லை. நோஷன் என்ற குறிப்பெடுக்கும் ஆப்பில் அழகழகாகப் பக்கம் கட்டி ஒரு வாரத்தை வீணடித்த பிறகு சொல்கிறேன், கூகுள் ஷீட்டில் ஒரு வரிசைக்கு ஒரு பல்கலைக்கழகம் போட்டால் வேலை முடிந்தது.

படி 4: எஸ்.ஓ.பி.

இரண்டாம் வருடம் எழுதியது இப்படி: முதல் பத்தி அந்தக் கடை, ஏழு வரியில். அடுத்து, இதுவரை மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், எங்கே இடைவெளி, நான் எப்படிச் சோதிப்பேன். மூன்றாவது, இதைச் செய்ய எனக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம். எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்டில் ஆர் மென்பொருளில் செய்த அலசலையும் அதில் எங்கே சறுக்கினேன் என்பதையும் எழுதினேன். நேர்காணலில் மூன்று பேரும் அந்தச் சறுக்கலைத்தான் கேட்டார்கள். கடைசியாக, அங்கே இருக்கும் இருவரின் பெயர், ஒவ்வொருவரின் ஒரு கட்டுரை, என் கேள்வி அதோடு எங்கே ஒட்டுகிறது. இந்தப் பத்தி மட்டும் 11 தடவை புதிதாக எழுதியது. பெயரை மாற்றிக் காப்பி பேஸ்ட் செய்தால் தெரிந்துவிடும். முடிவில் பேராசிரியர் ஆக விரும்புகிறேன் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கம்பெனிக்குத் திரும்பிப் போவேன் என்றால் இடம் கொடுக்க யோசிப்பார்கள்.

படி 5: பரிந்துரைக் கடிதம்

பொதுவாக மூன்று கேட்பார்கள். எங்கள் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் நடந்தது: "தம்பி, நீங்களே டிராஃப்ட் போட்டுக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." இதற்குத் தலையாட்டாதீர்கள். மூன்று கடிதமும் ஒரே கை எழுதியது என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். நான் சாரிடம் ஒரு பக்கக் குறிப்பு மட்டும் கொடுத்தேன்: எந்த பேப்பர் அவரிடம் படித்தேன், எந்த ப்ராஜெக்ட், வகுப்பில் என்ன கேட்டேன். எழுதியது அவர்தான்.

கடிதத்தை நாம் அப்லோட் செய்வதில்லை. அவர் மெயிலுக்கு ஒரு லிங்க் போகும், அதில் அவரே ஏற்ற வேண்டும். ஜிமெயில் முகவரி கொடுத்தால் சில இடங்களில் சந்தேகப்படுவார்கள், கல்லூரி மெயில் ஐடி கேளுங்கள். ஸ்பாமில் பார்க்கச் சொல்லுங்கள். "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற பெட்டியை டிக் செய்யுங்கள்.

படி 6: மீதி

ஜி.ஆர்.இ. மதிப்பெண் 5 வருடம் செல்லும், ஆங்கிலத் தேர்வுகளான டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். 2 வருடம். 2023 செப்டம்பரிலிருந்து ஜி.ஆர்.இ. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அதனால் பழைய மாதிரித் தேர்வுப் புத்தகம் வாங்காதீர்கள். பிசினஸ் ஸ்கூல் நுழைவுத் தேர்வான ஜிமேட்டும் மாறிவிட்டது, இப்போது மதிப்பெண் 205 முதல் 805 வரை. கல்லூரி சி.ஜி.பி.ஏ.வைப் பத்துக்கு என்பதிலிருந்து அமெரிக்க முறையில் நாலுக்கு என்று மாற்றும் வேலையை நீங்களாகச் செய்ய வேண்டாம். படிவம் மாற்றச் சொல்லாதவரை பத்துக்கு எவ்வளவோ அப்படியே எழுதுங்கள். டிரான்ஸ்கிரிப்டுக்கு (கல்லூரி தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) ஆகஸ்டிலேயே அலைய ஆரம்பியுங்கள்.

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் ஜனவரி முதல் பாதிக்குள். நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில். பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்ல விடுவதாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால் ஆஃபர் வந்ததும் பதறி உடனே சரி என்று சொல்லத் தேவையில்லை.

ஐ.ஐ.எம். பக்கம்

2017 ஐ.ஐ.எம். சட்டத்துக்கு முன் அங்கே 'ஃபெலோ' பட்டம்தான், இப்போது பிஎச்.டி. என்றே தருகிறார்கள். உதவித்தொகை உண்டு. கேட், ஜிமேட், ஜி.ஆர்.இ. போன்ற தேர்வுகளில் எதை ஏற்பார்கள் என்பது ஐ.ஐ.எம்.முக்கு ஐ.ஐ.எம். மாறும். மார்க்கெட்டிங் பிரிவைத் தேர்ந்து போட வேண்டும். மேலே சொன்ன கேள்வி வேலை அங்கேயும் அப்படியே செல்லுபடியாகும்.

பின்னால் சேர்த்தது: இதைப் படித்த ஒருவர் கடைசி ராத்திரி விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாமல் தவித்தாராம். நம் டெபிட் கார்டில் வெளிநாட்டு ஆன்லைன் பரிமாற்றம் பெரும்பாலும் அணைத்துத்தான் இருக்கும். பேங்க் ஆப்பில் போய் முந்தின வாரமே ஆன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: கடைசி நேரம் அமெரிக்க ஈஸ்டர்ன் நேரம் இரவு 11:59 என்று போட்டிருந்தால், டிசம்பரில் அது நமக்கு மறுநாள் காலை 10:29. பசிபிக் என்றால் மதியம் 1:29. நான் தேதியை மட்டும் பார்த்துவிட்டு நடு ராத்திரி 12 மணிக்குள் அரக்கப்பரக்க ஒன்றை அனுப்பினேன். அதில் வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் அப்படியே கிடந்தது.