கானாவில் திருமண வாக்குறுதியைப் புதுப்பிக்கப் போகிறீர்களா?

புனித நாட்டுத் திருப்பயணம் போகும் தம்பதிகள் பலர், கலிலேயாவின் கானா ஊரில் (இஸ்ரேலில் உள்ள இன்றைய கஃபர் கன்னா) திருமண வாக்குறுதியைப் புதுப்பிப்பது வழக்கம். இயேசு 6 கற்சாடித் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கியதாக யோவான் நற்செய்தி 2ஆம் அதிகாரம் சொல்லும் ஊர் அது. அங்குள்ள திருமணக் கோவிலைப் பிரான்சிஸ்கன் துறவிகள் கவனித்துக்கொள்கிறார்கள்.

கிளம்பும் முன்பே குழுவோடு வரும் அருள்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். அவர்தான் பெரும்பாலும் சடங்கை நடத்துவார். அடுத்த குழு வாசலில் காத்திருக்கும், நேரம் குறைவு. அதனால் சொல்ல வேண்டிய வரிகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கண் கலங்கும்போது சின்ன எழுத்து தெரியாது, உண்மையாகவே தெரியாது!

அப்புறம், சடங்கில் ஆசீர்வதிக்கப்படும் திருமண மோதிரம். நீண்ட விமானப் பயணத்தில் விரல் வீங்கி, கழற்றவே வராமல் போகலாம். இறுக்கமாக இருந்தால் வீட்டிலேயே கழற்றிப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்ற முடியாவிட்டாலும் கவலை வேண்டாம், விரலில் இருக்கும்போதே அருள்தந்தை மந்திரித்துத் தருவார்.

தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

முக்கியமான ஒன்று: இது இரண்டாவது திருமணம் அல்ல, திருமணம் என்ற அருள்சாதனம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) மறுபடி நடப்பதில்லை. பதிவுத் திருமணம் மட்டும் செய்த கத்தோலிக்கர்கள் இதை வைத்துத் திருச்சபைத் திருமணம் முடிந்ததாக நினைக்கக் கூடாது. முதலில் பங்குத்தந்தையிடம் பேசி அதை முறைப்படுத்திவிட்டு, பயணச்சீட்டு எடுங்கள்.