ஸெல்டா கேம்களில் வரும் இனங்களைப் புரிந்துகொள்வது எப்படி? புதிதாக ஆடுபவர்களுக்குப் படிப்படியாக

ஸெல்டா பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். ஸோரா என்கிறார்கள், கோரான் என்கிறார்கள், ஒரு கேமில் நீரில் நீந்திக்கொண்டிருந்த கூட்டம் அடுத்த கேமில் சிறகு முளைத்துப் பறக்கிறது என்கிறார்கள். 1986-இல் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் நிண்டெண்டோவின் வீடியோ கேம் தொடர் இது, இணையத்தில் தேடினால் கிளை கிளையாகப் பிரியும் வம்சாவளிப் படம் ஒன்றுதான் முதலில் கண்ணில் படும், அதைப் பார்த்ததும் கன்ட்ரோலரை ஓரமாக வைத்துவிடலாமா என்று தோன்றும். அந்தப் படத்தை இப்போதைக்கு மூடிவிடுங்கள்.

இந்தக் கேம்களில் ஓர் இனத்தைப் புரிந்துகொள்ள அவர்களுடைய நிலத்தைப் பார்த்தால் போதும். அந்த நிலம் உங்களுக்கு என்ன தொல்லை தருகிறது, அங்கேயே இருப்பவர்கள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள், அவர்களாலும் முடியாமல் போவது எது என்று கவனித்துக்கொண்டே போனால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும். நிலத்தை வைத்து மக்களை அறியும் திணைக் கணக்கு நமக்கு ஒன்றும் புதிதில்லையே.

படி 1: எந்தக் கேமில் தொடங்குவது?

என் பதில் பிரெத் ஆஃப் தி வைல்ட், 2017-இல் வந்தது. காரணம் இருக்கிறது. ஹைரூல் நாட்டின் வரைபடத்தில் கிழக்கே ஸோரா, வடகிழக்கே கோரான், வடமேற்கே ரிட்டோ, தென்மேற்கே கெருடோ என்று நான்கு பெரிய இனங்களும் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள், எந்த வரிசையில் வேண்டுமானாலும் போகலாம், எங்கே போனாலும் அந்த ஊர்க் கதை தனியாக முழுமையாக இருக்கும். 2023-இல் வந்த டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் இதன் தொடர்ச்சி. அதே ஆட்கள், சில ஆண்டுகள் கழித்து, வேறு சிக்கல்களோடு. அதில் தொடங்கினாலும் விளையாட்டு புரியும், ஆனால் பழகிய முகத்தைத் திரும்பப் பார்க்கும் சுகம் கிடைக்காது.

இந்த இனங்களில் பலவும் முதன்முதலில் உருவம் பெற்றது 1998-இன் ஒகாரினா ஆஃப் டைமில்தான். கோரான், கெருடோ, ஷீக்கா, கொகிரி எல்லாம் அங்கே அறிமுகமானவர்கள். அதற்காக அதில்தான் தொடங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், சரி என்று கேட்டுக்கொண்டு பிரெத் ஆஃப் தி வைல்டையே எடுங்கள். ஒகாரினா எங்கேயும் ஓடிப்போய்விடாது.

படி 2: காதைப் பாருங்கள்

நீங்கள் ஆடும் பையன் லிங்க். ஸெல்டா இளவரசியின் பெயர். இது தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். இருவரும் ஹைலியன் இனம். பார்க்க மனிதர்கள் மாதிரியே இருப்பார்கள், காது மட்டும் நீண்டு கூர்மையாக இருக்கும், அது தெய்வங்களின் குரலைக் கேட்பதற்கான காது என்று தொடரில் ஒரு நம்பிக்கை உண்டு. இவர்களுக்கென்று தனித் திறமை எதுவும் கிடையாது. அதுதான் விஷயம். குளிரில் நடுங்குவார்கள், வெயிலில் சோர்ந்துபோவார்கள், எரிமலையில் எரிவார்கள், அதனால்தான் மற்ற இனங்களின் உதவி லிங்க்குக்குத் தேவைப்படுகிறது.

பக்கத்திலேயே ஷீக்கா. வெள்ளை முடி, ஒரு துளிக் கண்ணீர் வழியும் கண் சின்னம், ஊர் ககாரிக்கோ. அரச குடும்பத்துக்கு நிழல்போல் காவல் நிற்பவர்கள். பிரெத் ஆஃப் தி வைல்டில் நீங்கள் பார்க்கும் கோபுரங்கள், சன்னதிகள், இயந்திரங்கள் எல்லாம் 10,000 ஆண்டுகளுக்கு முன் இவர்கள் செய்தவை. அந்த ஆற்றலைக் கண்டு அரசே பயந்து இவர்களை ஒடுக்கப் பார்த்தபோது ஒரு பிரிவு கோபத்தில் எதிரிப் பக்கம் போய்விட்டது. அவர்கள்தான் யிகா. வழிப்போக்கர் வேஷத்தில் சாலையோரம் நின்று நைசாகப் பேச்சுக் கொடுப்பார்கள், பேசி முடித்ததும் புகையோடு முகமூடி போட்டுக்கொண்டு பாய்வார்கள். வாழைப்பழம் என்றால் இவர்களுக்கு உயிர், அவர்கள் ஒளிவிடத்துக்குள் புகும்போது காவலாளிகளின் கவனத்தைத் திருப்ப அதைத்தான் கீழே போட வேண்டும்.

படி 3: முதலில் ஸோராவிடம் போங்கள்

நிலத்தை வைத்து ஓர் இனத்தைப் படிப்பது எப்படி என்று இந்த ஊரைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கிழக்கே போகும் வழியெல்லாம் மழை. பிரெத் ஆஃப் தி வைல்டில் மழையில் பாறை ஏற முடியாது, நாலு எட்டு ஏறுவதற்குள் வழுக்கிக் கீழே வந்துவிடுவீர்கள். எனவே ஆற்றோரப் பாதையிலேயே நடந்துதான் போக வேண்டும், அந்தப் பாதையிலோ பல்லி மாதிரியான லிசால்ஃபோஸ்கள் மின்சார அம்போடு காத்திருக்கும். அம்பு பட்டால் கையிலிருக்கும் ஆயுதம் தெறித்து விழுந்துவிடும். இடி இடித்தால் இரும்பு ஆயுதத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்னல் உங்கள்மேல்தான் இறங்கும்.

இத்தனை தொல்லையும் உங்களுக்குத்தான். ஸோராக்களுக்கு நீர்தான் வீடு, அருவியில் எதிர்நீச்சல் போட்டு மேலேறுவார்கள். அப்படியென்றால் இளவரசர் சிடான் ஏன் வழியில் காத்திருந்து ஒரு ஹைலியனைத் தேடுகிறார்? வாஹ் ரூட்டா என்ற இயந்திர யானை ஓயாமல் மழையைப் பொழிந்து அணையை உடைக்கப் பார்க்கிறது, அதை நிறுத்த மின்சார அம்பு வேண்டும், ஸோராக்களோ மின்சாரம் பட்டால் தாங்க மாட்டார்கள். நீரில் வாழ்வதுதான் அவர்களின் பலம், பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இந்த முடிச்சைப் பிடித்துவிட்டீர்களென்றால் மற்ற ஊர்களிலும் இதே கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டீர்கள்.

இன்னொன்று, ஸோராக்களுக்கு ஆயுள் மிக நீளம். ஒரு பெரிய போரில் வீழ்ந்த லிங்க் 100 ஆண்டு தூங்கி எழுந்து வருகிறான், ஹைலியன் ஊர்களில் அவனை நேரில் அறிந்தவர்களைக் காண்பது அரிது. ஸோரா ஊரிலோ அவனோடு சிறுவயதில் விளையாடியவர்கள் வளர்ந்து காவல் நின்றுகொண்டிருப்பார்கள். முதியவர் முஸுவுக்கு ஹைலியன் என்றாலே ஆகாது. அவர் பாடம் சொல்லிக்கொடுத்த இளவரசி மிஃபா அந்தப் பழைய போரில் இறந்துபோனாள், அந்தப் பழியை ஹைலியன்கள்மேல் போட்டுவிட்டு இன்னும் ஆறாமல் இருக்கிறார். அரசர் டோரெஃபான் உங்களுக்கு ஒரு கவசம் தருவார், மிஃபா தன் வருங்காலக் கணவனுக்காகத் தன் கையால் செய்தது. அதை முஸுவின்முன் போட்டுக்காட்டுங்கள், லிங்க் உடம்புக்குக் கச்சிதமாகப் பொருந்தும். முஸு வாயடைத்துப்போகும் அந்த இடத்தில் அவசரப்பட்டு பட்டனைத் தட்டி வசனத்தைத் தாண்டாதீர்கள். அந்தக் கவசம் போட்டால் நீங்களும் அருவியில் மேலேறலாம் என்பது கூடுதல் வசதி.

படி 4: கோரானிடம் போகுமுன் மர ஆயுதங்களை மறைத்துவையுங்கள்

கோரான்கள் டெத் மவுன்டன் எரிமலையில் இருப்பார்கள். பாறை மாதிரி உடம்பு, பாறைதான் சாப்பாடு, உருண்டு போவார்கள், மனசு மட்டும் மெத்து. மலையில் ஓர் எல்லைக்குமேல் போனால் லிங்க் உடம்பில் தீப்பிடிக்கும், முதுகில் தொங்கும் மரக் கேடயமும் வில்லும் எரியும், வெடி அம்பை எடுத்தால் கையிலேயே வெடிக்கும். தீயைத் தாங்கும் பல்லியைப் பிடித்து அரக்கர்களை வீழ்த்தினால் கிடைக்கும் பாகம் ஒன்றோடு சமைத்தால் வெப்பம் தாங்கும் மருந்து கிடைக்கும், அதைக் குடித்துவிட்டுப் போங்கள், ஊருக்குள் போனதும் தீ தாங்கும் கவசத்தை வாங்கிவிடுங்கள்.

பிறகு எப்போதாவது ஒகாரினா ஆஃப் டைம் பக்கம் போனீர்களென்றால் கோரான் தலைவர் டருனியாவைப் பாருங்கள். சாப்பாட்டுப் பாறை கிடைக்கும் குகையை அடைத்துவிட்டார்கள், ஊரே பட்டினி, மனிதர் கடுகடுவென்று நிற்பார், என்ன பேசினாலும் எடுபடாது. லிங்க்கின் தோழி சாரியாவின் பாட்டை ஒகாரினா என்ற ஊதுகுழலில் வாசியுங்கள். அவ்வளவுதான், அத்தனை பெரிய உடம்பு கையைக் காலை வீசி ஆட ஆரம்பித்துவிடும். கோரான்கள் யார் என்று கேட்டால் நான் அந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன்.

படி 5: கெருடோ நகரத்துக்குள் நுழைவது

வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெருடோ முழுக்கப் பெண்கள் வாழும் இனம், ஆண்களுக்கு நகரத்துக்குள் அனுமதி இல்லை. வழியில் காரா காரா பஜார் என்ற இடத்தில் யாரோ ஓர் ஆண் உள்ளே போய்வந்ததாகப் பேச்சு அடிபடும். அங்கே கட்டட மொட்டைமாடியில் நிற்பவரிடம் பேசுங்கள், அழகைப் புகழுங்கள், 600 ரூப்பி (கேமில் புழங்கும் பணம்) கொடுத்தால் பெண்கள் உடை ஒன்றைத் தருவார். அதைப் போட்டுக்கொண்டால் காவலாளிகள் உள்ளே விட்டுவிடுவார்கள், பாலைவனத்துப் பகல் வெயிலையும் அதே உடை தாங்கும். இரவில் கடுங்குளிர், அதற்கு வேறு உடை கையில் இருக்கட்டும்.

இந்த இனத்தில் நூறு ஆண்டுக்கு ஒரு முறை ஓர் ஆண் பிறப்பான், அவனே அரசன் என்பது ஒகாரினாவில் வரும் கதை. அப்படிப் பிறந்தவன்தான் தொடரின் பெரிய வில்லன் கேனன்டார்ஃப். தொடக்கத்தில் இவர்களைத் திருடர் கூட்டமாக மட்டுமே காட்டினார்கள், அது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பிரெத் ஆஃப் தி வைல்டில் அந்தப் பழைய போரின் வீராங்கனை அர்போசா, இப்போதைய சின்ன வயதுத் தலைவி ரிஜு இருவரும் வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. தன் இனத்தில் பிறந்தவன் செய்த தீமையைச் சரிசெய்யும் பொறுப்பு தனக்கும் உண்டு என்று நினைப்பவர் அர்போசா. மிஃபாவும் சேர்ந்த அந்தப் போரின் நான்கு வீரர்களில் எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

படி 6: ரிட்டோ, அப்புறம் அந்தப் பழைய குழப்பம்

பறவை மனிதர்கள், உயரமான கல் தூணைச் சுற்றி ஊர், பக்கத்திலேயே பனிமலைகள். கதகதப்பான உடை இல்லாமல் போகாதீர்கள். பிரெத் ஆஃப் தி வைல்டில் இவர்கள் கதைதான் நால்வரில் மெலிந்தது, சீக்கிரம் முடிந்துவிடும். டியர்ஸ் ஆஃப் தி கிங்டமில் சிறுவன் டுலின் வந்து அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறான்.

குழப்பம் என்னவென்றால், 2002-இல் வந்த விண்ட் வேக்கரில் ஹைரூலே கடலுக்கடியில் மூழ்கிவிடுகிறது, அங்கே ரிட்டோக்கள் ஸோராக்களின் வழிவந்தவர்கள். அந்தக் கேமின் மெட்லி என்ற ரிட்டோ பெண் பழைய ஸோரா முனிவர் ஒருவரின் வாரிசு. பிறகு பிரெத் ஆஃப் தி வைல்டில் இரு இனமும் ஒரே காலத்தில் தனித்தனியாக வாழ்கின்றன. எப்படி? ஒகாரினாவுக்குப் பிறகு காலவரிசை மூன்றாகப் பிரிகிறது என்பது நிண்டெண்டோவே சொன்னது, ஆனால் அதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒட்டிப்பார்க்க உட்கார்ந்தால் விளையாட நேரம் இருக்காது. ஒவ்வொரு கேமும் இனங்களைத் தன் தேவைக்குத் திருப்பி எழுதிக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேமில் ஸோரா வெறும் எதிரி, தண்ணீரிலிருந்து தலையை நீட்டித் தீயைத் துப்பும். 2024-இன் எக்கோஸ் ஆஃப் விஸ்டமில் ஆற்று ஸோரா, கடல் ஸோரா என்று இரண்டு கூட்டமும் எதிரெதிரே நிற்கும்.

படி 7: கொரோக்குகளைத் தேடாதீர்கள்

இலை முகமூடி போட்ட குட்டி மரப் பிள்ளைகள். ஒகாரினாவில் வளராத சிறுவர்களாக இருந்த கொகிரிகள்தான் விண்ட் வேக்கரில் இந்த வடிவம் எடுத்தார்கள். பிரெத் ஆஃப் தி வைல்டில் 900 கொரோக் விதைகள் ஒளிந்திருக்கின்றன. மலையுச்சியில் தனியாக ஒரு கல் கிடந்தால் தூக்கிப் பாருங்கள், குளத்தில் தாமரை இலைகள் வட்டமாக இருந்தால் நடுவில் குதியுங்கள். விதைகளை ஹெஸ்டுவிடம் கொடுத்தால் ஆயுதம் வைக்க இடம் கூடும். ககாரிக்கோ போகும் சாலையில் அவர் நிற்பார். 900-ஐயும் சேர்த்தால் தங்க நிறத்தில் ஒரு பரிசு தருவார். அது எதன் வடிவத்தில் இருக்கிறது என்பதைச் சேர்த்து முடித்தவர்களே பார்த்துக்கொள்ளட்டும். போகிற வழியில் கண்ணில் படுவதை எடுங்கள், போதும்.

படி 8: அடுத்து எங்கே?

ஓர் இனமாகவே மாறி வாழ்ந்து பார்க்க வேண்டுமென்றால் 2000-இல் வந்த மஜோராஸ் மாஸ்க். முகமூடி போட்டால் லிங்க் டெக்கு ஸ்க்ரப்பாகி நீர்மேல் தத்துவான், கோரானாகி உருள்வான், ஸோராவாகி நீந்துவான், ஊர்க்காரர்களும் அதற்கேற்ப வேறு மாதிரி பேசுவார்கள். விரல் அளவு மக்கள் பிடிக்குமென்றால் மினிஷ் கேப், நிழல் உலகத்து ட்விலிகளையும் மிட்னாவையும் பார்க்க ட்விலைட் பிரின்சஸ். ஹைரூலின் முதல் அரசர் ரவுரு எந்த இனம் என்று தெரிய டியர்ஸ் ஆஃப் தி கிங்டம், அதில் ஸோனாய் என்ற பழைய இனத்தின் இடிபாடுகளைப் பார்ப்பதற்குமுன் பிரெத் ஆஃப் தி வைல்டில் ஃபாரோன் காட்டுப் பக்கம் ஒரு முறை சுற்றிவிட்டு வாருங்கள், அங்கேயே அவர்கள் கட்டியது கொஞ்சம் கிடக்கும்.