பிரைவேட் பைலட் ‘ரிட்டன்’: படித்தவர்களும் மார்க் இழக்கும் இடங்கள்

அமெரிக்காவில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் ‘ரிட்டன்’ என்று சொல்வது அந்நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் எழுத்துத் தேர்வை. பிரைவேட் பைலட் (சம்பளத்துக்கு அல்லாமல் சொந்தமாகப் பறப்பவர்) தேர்வில் 60 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மூன்றே விடைகள். 70 சதவீதம், அதாவது 42 கேள்விகள் சரியாக இருந்தால் பாஸ். பார்க்க இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் பலர் புத்தகத்தை மூடிவிட்டுக் கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான்.

தேர்வில் இப்போது வரும் கேள்விகளை எஃப்.ஏ.ஏ. வெளியிடுவதில்லை, மாதிரிகளை மட்டும் தருகிறது. ஆப்களில் இருக்கும் ஆயிரக்கணக்கான கேள்விகள் பயிற்சிக்கு நல்லவை. ஆனால் கேள்வியோடு வரும் படத்தின் எண்ணைப் பார்த்ததுமே விடை ‘பி’ என்று கை போகிற அளவுக்குப் பழகிவிட்டால் ஆபத்து. கேள்வியிலுள்ள எண்களை மாற்றிக் கேட்டால் அந்தப் பழக்கமே காலை வாரிவிடும்.

தவறான விடைகளும் சும்மா போட்டவை அல்ல. ரன்வே 18-இல் (அதாவது 180 டிகிரி திசையில்) இறங்குகிறீர்கள், காற்று 210 டிகிரியிலிருந்து 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) என்று வைத்துக்கொள்வோம். கோண வித்தியாசம் 30 டிகிரி. பக்கக்காற்று 10 நாட், எதிர்க்காற்று சுமார் 17. இரண்டையும் ஒரே வரைபடத்தில்தான் படிக்கிறோம். அதனால் கேட்டது எதிர்க்காற்றாக இருந்தாலும் 10 என்ற விடை அங்கே உங்களுக்காகக் காத்திருக்கும். கணக்கு சரி, மார்க் போச்சு.

பிரஷர் ஆல்டிட்யூட் (காற்றழுத்தத்தை வைத்துச் சொல்லும் உயரம்) கணக்கும் அப்படித்தான். விமான நிலையத்தின் உயரம் 1,500 அடி, ஆல்டிமீட்டர் செட்டிங் (உயரமானியில் வைக்கும் காற்றழுத்தம், பாதரச அங்குலத்தில்) 29.72. அது தர அழுத்தமான 29.92-ஐ விட 0.20 அங்குலம் குறைவு. ஒரு அங்குலத்துக்குச் சுமார் 1,000 அடி என்றால் 200 அடி வித்தியாசம். கூட்டினால் 1,700, கழித்தால் 1,300. அழுத்தம் குறைந்தால் விமானத்துக்கு அது மேலே ஏறிய மாதிரி என்று புரிந்தவர் கூட்டுவார். சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர் அந்த அறையில் தடுமாறுவார்.

காற்றின் திசையில் இன்னொரு வழுக்கல் உண்டு. விமான நிலைய வானிலையைச் சொல்லும் மெட்டார் அறிக்கை தரும் திசை உண்மை வடக்கை வைத்தது. விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர் வாயால் சொல்வதும் ரன்வே எண்ணும் காந்த வடக்கை வைத்தவை. மேல்மட்டக் காற்று முன்னறிவிப்பில் 731960 என்று வந்தால் 730 டிகிரியா என்று விழிக்கக் கூடாது. முதல் இரண்டு இலக்கம் திசை, அடுத்த இரண்டு வேகம், கடைசி இரண்டு வெப்பநிலை; வேகம் 100 நாட்டைத் தொட்டால் திசையோடு 50-ஐக் கூட்டி எழுதுவார்கள். 73-இலிருந்து 50-ஐக் கழித்தால் 23, அதாவது 230 டிகிரி. 19-உடன் 100-ஐக் கூட்டினால் 119 நாட். வெப்பநிலை மைனஸ் 60. நேரமெல்லாம் ஜூலுவில், அதாவது உலகப் பொது நேரத்தில் (யு.டி.சி.) இருக்கும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றும்போது கோடைகால நேரத்தை மறந்து ஒரு மணி நேரம் பிசகுவது சர்வசாதாரணம்.

படங்களும் வரைபடங்களும் கொண்ட துணைப் புத்தகத்தைத் தேர்வு மையத்திலேயே தருவார்கள். அதன் முன்பகுதியில் விமானிகளுக்கான நில வரைபடமான செக்‌ஷனல் சார்ட்டின் குறியீட்டு விளக்கம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரியாத ஒரு குறியீட்டுக்காக ஊகத்தில் விடை போட்டுவிட்டு வருகிறார்கள். அந்தப் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

காகித வேலையில் கோட்டைவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். எஃப்.டி.என். என்ற அடையாள எண்ணை எஃப்.ஏ.ஏ.வின் விண்ணப்பத் தளமான ஐ.ஏ.சி.ஆர்.ஏ.வில் முதலிலேயே வாங்க வேண்டும். அங்கே பதிந்த பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா பெயரை இனிஷியலாகப் போடுவதா, கடைசிப் பெயராகப் போடுவதா என்று நம்மவர்கள் குழம்புவது இங்கேதான். பாஸ்போர்ட்டில் இருப்பதையே எல்லா இடத்திலும் போடுங்கள். தற்போதைய முகவரிக்கும் சான்று வேண்டும். தேர்வுக்குத் தயார் என்று பயிற்சியாளர் கையெழுத்திட்டுத் தரும் எண்டார்ஸ்மென்ட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். விமானக் கணக்குகளுக்கான இ6பி கணிப்பான் கொண்டுபோகலாம், போனைக் கொண்டுபோகக் கூடாது. கேள்விகளை நகலெடுத்து வெளியே கொண்டுவருவதும் விதிப்படி மோசடிதான். பிடிபட்டால் ஓராண்டுக்கு எந்தச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க முடியாது.

பாஸானதும் அறிக்கையை மடித்து வைத்துவிடுவது அடுத்த தவறு. தவறவிட்ட கேள்விகள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்பது அதில் குறியீடுகளாக இருக்கும். அந்தப் பகுதிகளை உங்களோடு மறுபடி பார்த்ததாகப் பயிற்சியாளர் கையெழுத்திட வேண்டும். உரிமத்துக்கான கடைசித் தேர்வான செக்ரைடின் வாய்மொழித் தேர்வில், தேர்வு நடத்துபவர் அவற்றைக் கட்டாயம் தொடுவார். 70 வாங்கியவருக்கு 18 கேள்விகளின் பாக்கி அங்கே நிற்கும். 70-க்குக் கீழே போனவர்கள் கூடுதல் பயிற்சி பெற்று, புதிய எண்டார்ஸ்மென்ட் வாங்கினால்தான் மறுபடி எழுதலாம்.

எப்போது எழுதுவது? முடிவு 24 காலண்டர் மாதங்களுக்குச் செல்லும். 2025 மார்ச் 10-இல் எழுதினால் 2027 மார்ச் இறுதிவரை. பறக்கப் பணம் சேர்வதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டு, செக்ரைடுக்குள் அதைக் காலாவதியாக்குகிறவர்கள் உண்டு. கடைசி வாரம் வரை தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. தனியாகப் பறக்கத் தொடங்கி, ஊர்விட்டு ஊர் பறக்கும் பயிற்சிக்குப் போகும் சமயத்தில் எழுதுவதுதான் என் கணக்கில் சரி. சார்ட்டும் வானிலை அறிக்கையும் தினமும் கையில் புழங்கும் காலம் அது.