லோடு பேலன்சர் போட்டும் சைட் விழுவது ஏன்?

வரும் ரெக்வெஸ்ட்டுகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவதுதான் லோடு பேலன்சர். அதன் பின்னால் நான்கு சர்வர்களும் 80 சதவீத லோடில் ஓடினால், காசு வீணாகவில்லை என்று மனசு நிறையும். ஒன்று படுத்தால் மீதி மூன்றும் ஆளுக்கு 107 சதவீதம் சுமக்க வேண்டும். சுமக்காது, வரிசையாக விழும். உச்ச நேரத்திலும் 60-ஐத் தாண்ட விடாதீர்கள். அப்போது ஒன்று போனாலும் மற்றவை 80-ல் நிற்கும்.

அதிகம் சொதப்புவது, சர்வர் நலமாக இருக்கிறதா என்று பேலன்சர் பார்க்கும் ஹெல்த் செக்கில்தான். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், உள்ளே ஆப் உறைந்துபோன சர்வரும் பாஸாகிவிடும். சரி, டேட்டாபேஸையும் சேர்த்துப் பார்ப்போம் என்று போனால் இன்னும் மோசம்: டேட்டாபேஸ் ஐந்து நொடி திணறினால் நான்கு சர்வர்களும் ஒரே நேரத்தில் ஃபெயில், பேலன்சருக்கு அனுப்ப ஆளே இல்லை. அந்த சர்வர் தன் வேலையைச் செய்ய முடிகிறதா என்பதை மட்டும் சோதியுங்கள். எல்லாரும் பகிரும் டேட்டாபேஸுக்குத் தனி அலாரம் வையுங்கள்.

ஹெச்ஏபிராக்ஸி என்ற பேலன்சர் மென்பொருளில் செக்கைப் போட்டால் இயல்பாக 2 நொடிக்கு ஒருமுறை பார்க்கும், 3 முறை தோற்றால் விலக்கும். அதே வேலைக்குப் பயன்படும் என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பில் தானாகப் போய்ப் பார்க்கும் வசதி கிடையாது. யாரோ ஒருவரின் ரெக்வெஸ்ட் அடிபட்ட பிறகுதான் அதற்கு விஷயம் தெரியும். போதாததற்கு, கனெக்‌ஷன் டைம்அவுட் இயல்பில் 60 நொடி. பதிலே தராமல் செத்த சர்வரிடம் மாட்டியவர் ஒரு நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். 2 அல்லது 3 நொடியாகக் குறையுங்கள்.

லாகில் எந்தக் காரணமும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக 502 (பின்னால் உள்ள சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வருகிறதா? கீப்-அலைவ் நேரத்தை, அதாவது சும்மா இருக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைப் பாருங்கள். அமேசானின் லோடு பேலன்சரான ஏஎல்பி, அப்படிப்பட்ட இணைப்பை 60 நொடி வைத்திருக்கும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட் ஜேஎஸ்-இன் பல பதிப்புகள் 5 நொடியில் மூடிவிடும். மூடுகிற அதே கணத்தில் ரெக்வெஸ்ட் வந்தால் 502. சர்வர் பக்கம் 65 நொடி வைத்தால் தீர்ந்தது.

ஐபி ஹேஷ் வைத்து, அதாவது ஒரே ஐபி முகவரியிலிருந்து வருபவர்களை ஒரே சர்வருக்கு அனுப்பும்படி பிரிப்பதும் மொபைல் பயனர்களிடம் எடுபடாது. ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் இருப்பதால், கூட்டம் மொத்தமும் ஒரு சர்வர் தலையில் விழும். செஷனை (லாகின் போன்ற பயனர் விவரங்களை) எல்லா சர்வர்களும் பகிரும் ரெடிஸ் என்ற சேமிப்பில் வைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை.

இரண்டு இணைய லைன் இருக்கிறதென்று பாக்கெட் பாக்கெட்டாக மாற்றி அனுப்பாதீர்கள். ஒன்றில் தாமதம் 20 மில்லிசெகண்ட், மற்றதில் 60 என்றால் பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்து சேரும். மூன்று டூப்ளிகேட் ஏசிகே (பாக்கெட் கிடைத்தது என்ற ஒப்புகை) வந்ததும், பாக்கெட் தொலைந்ததென்று நினைத்து டேட்டாவை அனுப்பும் நெறிமுறையான டிசிபி வேகத்தைக் குறைத்துவிடும். ஃப்ளோ வாரியாக, அதாவது ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே லைனில் போகும்படி பிரிப்பதே சரி. லினக்ஸ் ரூட்டர் இயல்பில் ஐபிகளை மட்டுமே பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்கும். மல்டிபாத் ஹேஷ் பாலிசி என்ற செட்டிங்கை 1 ஆக்கினால் போர்ட்டையும் சேர்த்துப் பார்க்கும். அப்போதும் ஒற்றை டவுன்லோடு ஒரு லைனின் வேகத்தில்தான் ஓடும்.