குதிரைக்குச் சேணம் சரியாகப் பொருந்துகிறதா? ஏறும் முன் பார்த்துவிடுங்கள்

சேணம் வாங்கப் போனால் நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது இருக்கை நமக்கு வசதியா என்பதைத்தான். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது குதிரையின் முதுகு.

குதிரையைச் சமதரையில், நான்கு காலும் சீராக ஊன்றி நிற்கும்படி நிறுத்துங்கள். விரிப்பு போடாமல் வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள், விரிப்பு இருந்தால் எங்கே இடிக்கிறது என்றே தெரியாது. கழுத்து முடியும் இடத்தில் மேடாக இருக்கிறதே, அந்தத் தோள்மேட்டின் மேல் கொஞ்சம் முன்தள்ளி வைத்து, முடி படிந்த திசையிலேயே மெதுவாகப் பின்னால் இழுத்தால் ஓரிடத்தில் தானாக நிற்கும். இப்போது தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். முன்காலை வீசும்போது அந்த எலும்பு பின்னோக்கி நகரும், அதனால் சேணத்துக்கு உள்ளே உருவம் கொடுக்கும் கெட்டியான உள்சட்டம் அதற்கு இரண்டு விரல் பின்னால்தான் இருக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். சேணம் தோளில் ஏறி உட்கார்ந்தால் குதிரை காலை எட்டி வைக்காமல் நடையைக் குறுக்கிக்கொள்ளும், சேணத்தை வயிற்றோடு கட்டும் வாரை இழுக்கும்போதே காதை மடக்கும், நாம் அதை முரட்டுக் குதிரை என்று சொல்லிவிடுவோம். பாவம், அதற்கு வலிக்கிறது.

பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. மொத்தம் 18 ஜோடி விலா, கடைசியை விரலால் தொட்டு அப்படியே மேலே முதுகு வரை போனால் எல்லை தெரிந்துவிடும்.

அப்புறம் இடைவெளி. தோள்மேட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், அதுவும் ஆள் ஏறி உட்கார்ந்த பிறகு. மார்வாரி இனம் மாதிரி தோள்மேடு எடுப்பாக இருக்கும் குதிரைகளில் அகலமான சேணம் முன்னால் இறங்கி எலும்பிலேயே உட்கார்ந்துவிடும். முதுகெலும்புக்கு மேலே, சேணத்தின் அடியில் நீளவாக்கில் உள்ள பள்ளம் முன்னிருந்து பின்வரை மூன்று விரல் அகலமாவது வேண்டும். உள்ளங்கையைச் சேணத்தின் அடிப்பக்க மெத்தைக்குக் கீழே விட்டு முன்னிருந்து பின்னால் நகர்த்துங்கள், அழுத்தம் ஒரே சீராக இருக்கிறதா? முன்னும் பின்னும் இறுக்கி நடுவில் தொளதொளவென்று இருந்தால் உங்கள் எடை முழுவதும் அந்த இரு முனைகளில்தான் இறங்கும்.

வயிற்றுவாரை ஒரே மூச்சில் இறுக்க வேண்டாம். ஒவ்வொரு துளையாக ஏற்றி, கொஞ்சம் நடத்திவிட்டு, ஏறும் முன் மறுபடி பாருங்கள்.

நன்றாக வியர்க்கும்வரை ஓட்டிவிட்டுச் சேணத்தைக் கழற்றினால் முதுகே பதில் சொல்லும். சேணத்தின் பள்ளத்துக்கு நேர் கீழே முதுகின் நடுப்பகுதி காய்ந்திருப்பது இயல்பு. ஆனால் சுற்றிலும் வியர்வை இருக்க, மெத்தை பட்ட இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அதிகமாக அழுத்துகிறது, அல்லது சேணம் படவே இல்லை என்று அர்த்தம். கையை வைத்துப் பார்த்தால் எது என்று தெரியும். அழுத்தம் தொடர்ந்தால் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். கனமான விரிப்பைப் போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள், குறுகலான சேணத்தில் அது இன்னும் இறுக்கத்தான் செய்யும். கம்பளி அடைத்த மெத்தை என்றால் பிரித்து மறுபடி அடைத்துத் தரச் சொல்லலாம். உள்சட்டம் உடைந்திருந்தால் மட்டும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அந்தச் சேணத்தைக் குதிரை மேல் வைக்காதீர்கள்.