கிராமத்து மக்கள்தொகையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராம ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களின் அறிக்கைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. கூட்டல் பிசகை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். பார்வைக்குச் சரியாக இருந்துகொண்டே ஊரைத் தப்பாகக் காட்டும் பிழைகள்தான் ஆபத்து.

வருவாய் கிராமத்தை ஊர் என்று நினைப்பது

கிராமப்புறத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அலகு வருவாய் கிராமம். அது நில ஆவணத்தில் எல்லை போட்ட பரப்பு. ஜனங்கள் ‘எங்க ஊர்’ என்று சொல்வது வேறு, ஊராட்சி வேறு. ஒரே வருவாய் கிராமத்துக்குள் தாய் கிராமமும் அதைச் சேர்ந்த சிறு குடியிருப்புகளான உட்கடை கிராமங்களும் அடங்கியிருக்கும். 2011 கணக்குப்படி நாட்டில் உள்ள சுமார் 6.4 லட்சம் கிராமங்களில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றில் ஓர் ஆள்கூட இல்லை. பெயரும் எல்லையும் மட்டும்தான்.

ஒரு குழு, ‘இங்கே பட்டியல் சாதியினர் இல்லை’ என்று எழுதிக்கொண்டு வந்தது. அட்டவணையில் பூஜ்யம் என்பது உண்மைதான். ஆனால் காலனி ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அந்த இடம் பக்கத்து வருவாய் கிராமத்தில் சேர்ந்தது. இந்த ஊர் வயலில் நாற்று நடுவது காலனிக்காரர்கள்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ரேஷன் கடை, ஒரே பள்ளி. அறிக்கையை நம்பிக் குடிநீர்த் தொட்டிக்கு ஊர்த்தெருவில் இடம் குறித்தார்கள். காலனிப் பெண்கள் குடத்தோடு ஓடையைத் தாண்டி வந்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. நடவு வயலில் நின்றவர்களிடம் ‘எங்கிருந்து வர்றீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஆகவே முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் எல்லை வரைபடத்தைப் பாருங்கள். அப்புறம் ஊராட்சிச் செயலரிடம் குடியிருப்புகளின் பட்டியலை வாங்குங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். கிராமத்தைப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், கணக்கெடுப்புக் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே பெயரில் பல கிராமங்கள் உண்டு.

காலனியில் சர்ச் இருந்தால் இன்னும் கவனம் தேவை. 1950-இல் வந்த பட்டியல் சாதிகள் ஆணைப்படி, சில சீக்கியச் சாதிகளைத் தவிர, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியில் வந்தார்கள். 1956-இல் மற்ற சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரான தலித் குடும்பம் கணக்கெடுப்பு அட்டவணையின் பட்டியல் சாதிப் பத்தியில் வராது. அதே தெருவில், அதே ஒதுக்கலோடு வாழ்ந்தாலும் வராது.

எழுத்தறிவு விகிதம்

எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையை மொத்த மக்கள்தொகையால் வகுக்காதீர்கள், அதில் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும்.

பாலின விகிதத்தில் மொத்தத்தோடு நின்றுவிடுவது

2011-இல் தமிழ்நாட்டில் 1000 ஆண்களுக்கு 996 பெண்கள். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் மட்டும் பார்த்தால் 943. ஆண்கள் வேலைக்காக வெளியூர் போய்விட்ட கிராமத்தில் மொத்த விகிதம் உயர்ந்து நிற்கும், பெண் குழந்தைகளின் குறைவு அதற்குள் மறைந்துபோகும்.

சொந்த வயலில் உழைக்கும் பெண்ணை விட்டுவிடுவது

‘வீட்டில் சும்மாத்தான் இருக்கா’ என்று கணவர் சொல்வதை எழுதாதீர்கள். அந்தப் பெண்ணையே கேளுங்கள். கடந்த ஒரு வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ உழைத்திருந்தால் முதன்மைத் தொழிலாளர், குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர்.

டீக்கடையில் கேட்ட சாதிச் சதவீதம்

பட்டியல் சாதி, பழங்குடி தவிர மற்ற சாதிகளுக்கு நாடு முழுவதும் வெளியான கடைசிக் கணக்கு 1931-இல் எடுத்தது. 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அதுவரை நீங்களே வீடுவீடாகக் கேட்டு எண்ணியிருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் அறிக்கையில் சாதிப் பத்தியைக் காலியாக விடுங்கள்.