பவர்பாயின்ட்டில் ஒத்திகை பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

செமினார், புராஜெக்ட் வைவா, ஓசூர் கம்பெனி நேர்காணல் என்று எதற்குப் போனாலும் இப்போது ஸ்லைடு போட்டுப் பேசச் சொல்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழிலேயே படித்துவிட்டுக் கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்தில் பேச எழுந்து நிற்கிற பிள்ளைகளுக்கு, யாரும் பார்க்காமல் அறைக்குள் உட்கார்ந்து பேசிப் பழக ஒரு மென்பொருள் இருப்பது பெரிய உதவி. அதை மறுக்கவே முடியாது. ஆனால் அந்தக் கருவிக்கு எது தெரியும், எது தெரியாது என்று புரிந்துகொள்ளாமல் பழகினால், கருவியிடம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு ஹாலில் திணறுகிற நிலைமைதான் வரும்.

மைக்ரோசாப்ட் 2019-இல் பிரசென்டர் கோச் என்று ஒன்றை அறிவித்தது. இப்போது அதன் பெயர் ஸ்பீக்கர் கோச். பவர்பாயின்ட்டில் 'ஸ்லைடு ஷோ' பகுதிக்குப் போய் 'ரிஹர்ஸ் வித் கோச்' என்பதை அழுத்தி மைக்கில் பேசினால், வேகம், குரல் ஒரே மாதிரி போகிறதா, 'அம்', 'பேசிக்கலி' மாதிரி இடைச்சொற்கள் எத்தனை, ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசிக்கிறீர்களா என்றெல்லாம் கடைசியில் ஓர் அறிக்கை தரும். இணையம் இருந்தால்தான் வேலை செய்யும். அறிக்கையை மூடினால் போய்விடும், அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தவறு, இந்த அறிக்கையை மதிப்பெண் பட்டியல் மாதிரி பார்ப்பது. அதற்குக் குரல் கேட்கும், விஷயம் புரியாது. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்று ஒரு மாணவி தலைப்பு எடுக்கிறாள் என்று வையுங்கள். குடிநீரில் உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதை அவள் தப்பாக 15 என்று சொன்னாலும் கோச் கண்டுகொள்ளாது. வேகம் சரியாக இருந்தால் பாராட்டுகூட வரும். "சரிம்மா, அதுக்கும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று எதிரில் உட்கார்ந்திருப்பவர் கேட்கிற கேள்வியையும் அது கேட்காது. அதனால் கோச்சோடு பேசிப் பார்த்த பிறகு, அந்தப் பாடம் தெரியாத ஒருவரை, அக்காவோ ஹாஸ்டல் தோழியோ, எதிரில் உட்காரவைத்து இன்னொரு முறை பேசுங்கள். அவர் முகம் எந்த ஸ்லைடில் சுருங்குகிறதோ அந்த ஸ்லைடைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது மொழி. நிமிடத்துக்கு 100 முதல் 165 சொற்கள் என்று கோச் சொல்கிற வேகம் ஆங்கிலப் பேச்சுக்குப் பொருந்தும். தமிழில் ஒரே சொல்லுக்குள் நாலு ஆங்கிலச் சொல்லின் வேலை அடங்கிவிடும், அதனால் அந்த எண்ணைப் பிடிக்கப் போனால் மூச்சு வாங்கும். தமிழ் தெரியாத கோச்சுக்கு நம் வாயில் ஓயாமல் வரும் 'வந்து', 'அதாவது', 'ஓகேங்களா' எல்லாம் பிடிபடாது. தமிழிலோ இரண்டும் கலந்தோ பேசப்போகிறீர்கள் என்றால் போனில் இருக்கும் ரெக்கார்டரே போதும். பதிவு செய்த உடனே கேட்காதீர்கள், மறுநாள் காலையில் கேளுங்கள். அப்போதுதான் அது வேறொருவர் பேச்சு மாதிரி காதில் விழும், எங்கே இழுக்கிறோம், எங்கே விழுங்குகிறோம் என்பது தெரியும்.

'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று இது கணக்கு வைக்கும், கடைசியில் சேமிக்கவா என்று கேட்கும், நாமும் யோசிக்காமல் 'யெஸ்' கொடுத்துவிடுவோம். அப்புறம் மேடையில் யாரோ ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்லைடு தானாக நகர்ந்து போய்விடும்! நேரத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு 'நோ' கொடுங்கள். ஏற்கெனவே சேமித்திருந்தால் 'யூஸ் டைமிங்ஸ்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பேச்சைப் பதிவு செய்து பார்த்திருந்தால் 'பிளே நரேஷன்ஸ்' டிக்கையும் எடுங்கள், இல்லையென்றால் ஹாலில் உங்கள் பழைய குரலும் சேர்ந்து ஒலிக்கும்.

வீட்டில் லேப்டாப் திரையை மட்டும் பார்த்துப் பழகுவதும் கூடாது. புரொஜெக்டர் இல்லாமலே ஆல்ட், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரசென்டர் வியூ வரும். அடுத்த ஸ்லைடும் குறிப்புகளும் உங்கள் பக்கம் தெரியும். ஹாலில் விண்டோஸ் விசையோடு பி (P) அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' வைத்தால்தான் இது கிடைக்கும், 'டூப்ளிகேட்' வைத்தால் இரண்டு திரையிலும் ஒரே ஸ்லைடுதான். பேச்சுக்கு நடுவில் எல்லோரும் திரையை விட்டு உங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பி (B) விசையை மட்டும் தட்டுங்கள், திரை கறுப்பாகிவிடும், மறுபடி தட்டினால் வந்துவிடும்.

கடைசியாகத் தமிழ் எழுத்து. டிடிபி கடையில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிய ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கல்லூரிக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். நிர்மலா யூஐ போன்ற யூனிகோட் எழுத்துருவிலேயே அடியுங்கள், அது விண்டோஸோடு வருவது. வேறு அழகான எழுத்துரு வேண்டுமென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் 'எம்பெட் ஃபான்ட்ஸ்' டிக் போட்டுச் சேமியுங்கள். எல்லா எழுத்துருவும் இதற்கு இடம் கொடுக்காது, அதனால் ஒரு பிடிஎஃப் நகலும் பென்டிரைவில் இருக்கட்டும். முடிந்தால் முந்தின நாளே அந்தக் கணினியில் கோப்பைத் திறந்து, தமிழ் இருக்கும் ஸ்லைடுகளையாவது ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.